ஜொகூரில் வாசகர் பிடித்த கதை

பிழைப்புக்காக நான் பல பொருள்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோயிருக்கிறேன். வெல்லம், கைலி, ஒருமுறை உயிரோடு ஆடுகள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வாசகர் பிடிக்கப் போனது இதுதான் முதல் தடவை. ஆடுகளோடு ஒப்பிட்டால் இது கஷ்டமான வேலை. ஆடு கட்டின இடத்தில் நிற்கும்.

திருச்சியில் ஒரு டாக்டருக்கு நான் அவ்வப்போது கார் ஓட்டுவேன். அவர் குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை பற்றி ஆராய்கிறவர். மலத்தில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் தமிழர்கள் இதை ஏன் செய்துகொள்வதில்லை என்று அவரும் அங்குள்ள நண்பர் ஒருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் வெளியிட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு வண்ண வளையம் உண்டு. நடுவில் ஓர் எண். கட்டுரையைப் பற்றிச் செய்தியில் யாராவது பேசினால், எல்லாரும் பார்க்கிற இடத்தில் யாராவது பகிர்ந்தால், அந்த எண் ஏறும். கீழே, எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று இன்னோர் எண். டாக்டருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் சர்க்கரை அளவைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்களைத்தான் பார்ப்பார். எது ஏறினால் நல்லது என்பதில் அவருக்குக் குழப்பம் வராமல் இருக்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் ஓர் ஓட்டலில் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மருத்துவ ஆராய்ச்சியைப் பொதுமக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் பேச வேண்டும். ஜொகூர்க்காரர்களைப் பற்றிய கட்டுரையை ஜொகூரில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பது பேச்சுக்குத் தயாரானபோதுதான் தெரிந்தது. உடனே அட்டைகள் அச்சாயின. அதில் இருக்கும் கறுப்புக் கட்டத்தைப் போனில் காட்டினால் கட்டுரை திறந்துகொள்ளும். எந்த ஊரில் எவ்வளவு வாசிப்பு என்று தெரிய ஊருக்கு ஒரு நிறம்: கெலாங் பாத்தாவுக்கு நீலம், உலு திராமுக்கு மஞ்சள், ஜொகூர் பாருவுக்குச் சிவப்பு.

நான் ஒரு காலத்தில் ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவியவன். ஊர் தெரியும், கொஞ்சம் மலாயும் வரும். அதனால் அட்டைப் பெட்டியோடு என்னை முன்னால் அனுப்பினார். எட்டாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்டேன். "நீ எதுக்கு படிக்கணும்? திறக்க வை, போதும்" என்றார்.

முதல் நாள் ஜொகூர் பாருவில் என்னை அழைத்துப் போக ஒரு முழு பஸ் வந்தது. உள்ளே டிரைவரைத் தவிர யாரும் இல்லை. கணேசன் அண்ணன். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் அவருடையது. நான் தட்டு கழுவிய கடையில் தினமும் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட வருவார், அப்போதிருந்து பழக்கம். உலு திராமில் வீடு. நான் அங்கேதான் தங்குவதாக ஏற்பாடு.

திருச்சியில் இப்படி ஆளில்லாத பஸ்ஸில் போனால் கண்டக்டர் நம்மையே சந்தேகமாகப் பார்ப்பார். இங்கே ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்து போனேன். ஆனால் ராஜாவின் ரதம் பெட்ரோல் நிலையம் வந்தால் நின்றுவிடும். அண்ணன் இறங்கிக் கழிவறைக்கு ஓடுவார். வெளிறிப்போய்த் திரும்புவார். வழியெல்லாம் இதே கதை.

"என்னண்ணே, வயிறு சரியில்லையா?"

"மூலம்லா. இருவது வருசமா உக்காந்தே இருக்கேன். வராம என்ன செய்யும்?"

"ரத்தம் போகுதா?"

"கொஞ்சம்" என்றார். சிக்னல் விழுந்தது. பஸ் நின்றதும், "கொஞ்சம் இல்ல" என்றார்.

பிறகு தன் இருக்கைக்குக் கீழே கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே சின்னக் குப்பி, மூடியில் ஒரு குச்சி. டாக்டர் கட்டுரை எழுதிய அதே குப்பி.

"பிரஷர் மாத்திர வாங்க போனப்ப கிளினிக்ல குடுத்தாங்க. அம்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் குடுக்கிறாங்களாம். 'ரத்தம் போகுதா அங்கள்'னு மிஸ்ஸி கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன்." இங்கே நர்ஸைத்தான் மிஸ்ஸி என்பார்கள்.

"ஏண்ணே?"

"போகுதுன்னு சொன்னா எழுதி வச்சிருவாங்க. அப்பறம் பஸ் லைசன்ஸ் புதுப்பிக்கிறப்ப டாக்டர் கையெழுத்து போடுவாரா? நீ நல்லா கேக்குற."

"சரி, இதையாவது செஞ்சு குடுத்திருக்கலாமே?"

"எங்க செய்யறது? வீட்ல மல்லிகா பால்குடத்துக்கு விரதம் இருக்கா. இத உள்ள கொண்டு போனா என்னையும் சேத்து மஞ்ச தண்ணி தெளிச்சு வெளிய தள்ளிருவா. அவகிட்ட வாய தொறந்துறாத, ஆமா."

குப்பி கைக்கு வந்தபோது புரட்டாசி. பிறகு சஷ்டி. பிறகு தைப்பூசம். இப்போது மாரியம்மன் கோயில் திருவிழா. ஒவ்வொரு விரதத்துக்கும் வீடு கழுவப்பட்டது. ஒவ்வொரு விரதத்துக்கும் குப்பி பஸ்ஸிலேயே வெந்தது. ஜொகூர்த் தமிழர்கள் ஏன் பரிசோதனை செய்துகொள்வதில்லை என்பதற்கு டாக்டர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நாள்காட்டியை அனுப்பியிருப்பேன்.

மல்லிகா அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை. கால் கழுவாமல் படியேற விடவில்லை. வாழைக்காய் வறுவல், ரசம், தயிர். வீட்டில் வெங்காயம்கூட இல்லை. அவர்தான் கோயில் மகளிர் குழுவின் செயலாளர். என் அட்டையைப் பார்த்ததும் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்.

"வணக்கம் சகோதரிகளே, குடல் கேன்சர் டெஸ்டு பத்தி ஊருலேருந்து நம்ம தம்பி ஒருத்தர் வந்திருக்காரு. எல்லாரும் டெஸ்டு எடுத்துக்குங்க. வீட்டு ஆம்பளைங்க மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. காதை புடிச்சு இழுத்துக்கிட்டு போங்க."

கணேசன் அண்ணன் ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் பதிவு ஜொகூரில் போகாத வீடு இல்லை. டாக்டருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். "வாட்ஸ்அப்பா? அது கணக்குல வராதேப்பா" என்றார். ஆக, ஊரே காதால் கேட்டது கணக்கில் இல்லை.

வீட்டில் இடம் குறைவு. நான் பஸ்ஸில் கடைசி இருக்கையில் படுத்தேன். கால் நீட்ட முடியவில்லை, கொசு நீட்டி முழக்கியது. இதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

மறுநாள் கெலாங் பாத்தா. வரவேண்டிய பஸ் வரவில்லை. அடுத்த பஸ் வந்தது, நிற்கவில்லை. மூன்றாவதாக ஒரு காய்கறி லாரி நின்றது. முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். ராமநாதபுரத்துப் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, மேசைக்கு ஒரு நீல அட்டை வைத்தேன்.

பாய் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். "தம்பி, என்னா இது?"

"குடல் புற்றுநோய் பத்தின கட்டுரை, பாய்."

"சோறு திங்கிற மேசையில குடலு படத்தை வைக்கிறியே, எவன் ரெண்டாவது பரோட்டா கேப்பான்? எடுத்துக்கிட்டு போய் கை கழுவுற இடத்துல வை."

கை கழுவும் இடம்தான் நல்ல இடமாக இருந்தது. கை காயும் வரை வேறு வேலை இல்லாமல் எல்லாரும் போனைக் காட்டினார்கள். தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"இதை ஸ்கேன் பண்ணா வவுச்சர் வருமா அண்ணே?"

"வராதும்மா. படிக்கலாம்."

"அலமாக், படிக்கணுமா? அதுக்கு எதுக்கு இவ்ளோ அழகா கார்டு அடிச்சீங்க?"

சொல்லிக்கொண்டே ஒருத்தி திறந்தாள். ஆங்கில எழுத்து வரிசையாக வந்ததும் மூடினாள். டாக்டரின் இயந்திரத்தில் அவள் வாசகி. எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனவனுக்கெல்லாம் இலை போட்டதாகக் கணக்கு எழுதும் சமையல்காரரை நான் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி அந்த அளவுக்கு வந்துவிட்டது.

உலு திராமில் என் வேலையைக் கணேசன் அண்ணனே எடுத்துக்கொண்டார். மஞ்சள் அட்டையை பஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினார். தொழிற்சாலை வாசலில் பஸ் நின்றது, கதவு திறக்கவில்லை.

"எல்லாரும் போனை காட்டுங்க, அப்பறம்தான் கதவு."

"அங்கள், பஞ்ச் கார்டு லேட்டாயிரும்!"

"அப்ப சீக்கிரம் காட்டு. நம்ம தம்பி பொழப்புலா."

தமிழ்ப் பெண்கள், நேபாளப் பையன்கள், வங்காளதேசத்துக்காரர்கள் என்று பஸ்ஸே திறந்தது. டாக்டர் போனில் துள்ளினார். மஞ்சள் ஏறிக்கொண்டே போகிறதாம். வளையத்துக்கு நடுவில் இருக்கும் எண்ணும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரைப் பிடித்து எழுத வைத்ததில் ஏறியதாம்.

கூட்ட நாள் வந்தது. டாக்டர் கோட்டுப் போட்டு ஜொகூர் பாருவில் இறங்கினார். காலை ஷிப்டை முடித்துவிட்டு அண்ணன் என்னை ஓட்டலில் கொண்டுபோய் விட்டார். உள்ளே தின்னக் கறிபாப் இருக்கிறது என்றதும் சீருடையோடு கூடவே வந்துவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்தோம். குளிரூட்டியின் குளிரில் படித்தவர்கள் எல்லாரும் சால்வைக்குள் இருந்தார்கள்.

திரையில் நீலம், சிவப்பு, மஞ்சள் கட்டைகள் உயர்ந்து நின்றன. மஞ்சள்தான் உயரம். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினாலும் நடுநடுவே தமிழ் வந்தது. டாக்டர் சொன்ன மீதியைப் பக்கத்தில் இருந்த மாணவி ஒருத்தி எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"உலு திராமில் ஒரு வாசகர் இருக்கிறார். ஒரே போன். திரும்பத் திரும்ப வருகிறார். மற்றவர்கள் திறந்து உடனே மூடுகிறார்கள். இவர் நீண்ட நேரம் இருக்கிறார். சாதாரண மனிதர்கள் ஆராய்ச்சியை ஆழ்ந்து படிப்பதில்லை என்று யார் சொன்னது?"

கைதட்டினார்கள். எல்லாரும் மஞ்சள் கட்டையைப் படம் எடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் கறிபாப் மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது.

தேநீர் இடைவேளையில் டாக்டரைப் பிடித்தேன். "சார், அந்த வாசகர் டெஸ்ட் எடுத்துக்கிட்டாரா?"

"அது எப்படிப்பா இதுல தெரியும்? அதுக்கு வேற ஆராய்ச்சி பண்ணணும்" என்றார். சொன்னதும் அந்த யோசனை அவருக்கே பிடித்துப்போனது போல் இருந்தது. யாரையோ தேடிக்கொண்டு வேகமாகப் போனார்.

அண்ணன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸைக் கிளப்பவில்லை.

"அது நான்தான்டா."

"நீங்க படிக்கிறீங்களாண்ணே?"

"இங்கிலீசு எவனுக்கு தெரியும்? அதுல ஒரு குடலு படம் இருக்குல்ல. அதை பெருசு பண்ணி பெருசு பண்ணி பாப்பேன். எனக்கு எந்த எடமா இருக்கும்னு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அவங்களுக்கு தெரிஞ்சு போச்சு."

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"எல்லாந்தான். குப்பிய குடுத்து அனுப்புனாங்க. எவன் திருப்பி கொண்டாரலன்னு போன் வழியா பாத்துக்கிட்டே இருக்காங்க. அதுக்குதான் இந்த கார்டு. அரசாங்க கிளினிக், பெரிய டாக்டர்ங்க, எல்லாம் ஒண்ணுதானே. மிஸ்ஸிகிட்ட பொய் சொன்னது இந்நேரம் லைசன்ஸ் ஆபிசுக்கும் போயிருக்கும்."

டாக்டரின் இயந்திரத்துக்கு ஒரு போன் திரும்பி வந்தது மட்டும்தான் தெரியும். யாருடைய போன், அவர் முகம் எப்படி இருக்கிறது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாது. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே இருக்கைக்கு அடியில் கைவிட்டுக் குப்பியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே, தெரிஞ்சிருக்கும் போலத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும் பெட்ரோல் நிலையத்தில் பஸ் நின்றது. வீட்டில் விரதம் இருக்கும்போது வேறு எங்கே போவது? குந்தி உட்காரும் கழிவறை. கீழே விழாமல் பிடிக்க நாசி லெமாக் கட்டித் தரும் பழுப்புத் தாள் ஒன்றை வழியில் ஒரு கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தார். நான் கதவுக்கு வெளியே காவல். கழிவறை ஒன்றுதான். வரிசை சேர்ந்தது.

"உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று ஒரு மலாய்க்காரர் கேட்டார்.

"வயிற்று வலி" என்று என் மலாயில் சொன்னேன்.

"எனக்கும் அதுதான்" என்றார் அவர், மிகுந்த துயரத்தோடு.

நிலையத்துச் சீனக் கிழவி சாவிக்கொத்தோடு வந்து கதவைத் தட்டினாள். இவர் உள்ளே வீடு கட்டுகிறாரா என்று கேட்டாள். உள்ளேயிருந்து, "குச்சி எங்கயோ விழுந்துருச்சு தம்பி!" என்று கணேசன் அண்ணனின் குரல் வந்தது. டாக்டரின் கட்டுரையில் தடைகள் என்று ஒரு பகுதி இருக்கிறதாம். இந்தக் கிழவி அதில் இல்லை என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி குப்பியைத் தூக்கிப் பார்த்தார். காலாவதியாகியிருந்தது. பெயரைக் கேட்டுவிட்டு எங்களைக் கிளினிக் டாக்டரிடம் அனுப்பினார். இளவயது மலாய்ப் பெண். ரத்தம் போகிறதா என்று கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. எந்தப் புரட்டாசியில் தொடங்கியது, எவ்வளவு, எந்த நிறம், உடம்பு எப்படி இளைத்தது, எல்லாவற்றையும் மலாயில் கொட்டினார். கடைசியில், "நீங்கதான் ஏற்கெனவே பாத்துட்டீங்களே" என்றார்.

"பார்த்தோமா? யார் பார்த்தது?"

நான் பலமாக இருமினேன்.

டாக்டர் குப்பியைக் குப்பைக் கூடையில் போட்டார். "ரத்தம் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்குத்தான் இது. உங்களுக்குத் தெரிகிறதே. இதற்காக நீங்கள் காத்திருந்திருக்கவே வேண்டாம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறேன். மனைவியைக் கூட்டி வாருங்கள்." பிற்பாடு அந்த மாணவியிடம் போனில் கேட்டேன். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறதாம். ஜொகூரிலேயே அந்தப் பக்கத்தை அதிக முறை பார்த்தவர் கணேசன் அண்ணன்தான்.

மல்லிகா அக்காவிடம் சொன்னபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். துருவுவதை நிறுத்தவே இல்லை.

"கிளினிக்குக்கு தெரியும், பெட்ரோல் கடைக்காரிக்கு தெரியும், ஊருலேருந்து வந்த இவருக்கு தெரியும். கட்டுன பொண்டாட்டி ஊருக்கெல்லாம் மைக்கு புடிச்சு சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டு காது மட்டும் செவிடு."

"விரதம்னுதான் மல்லிகா..."

"விரதம் எனக்கா உங்க வயித்துக்கா?"

நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். திருச்சி டாக்டருக்கும் அது வசதியாக இருந்தது; சிவப்பு அட்டைகள் இன்னும் மிச்சம் இருந்தன. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. கொஞ்சம் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். நல்ல கட்டி இல்லை என்று முடிவு வந்தது.

முடிவு வந்த அன்று அறுவை டாக்டரைப் பார்க்க அண்ணனும் அக்காவும் நானும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது திருச்சியிலிருந்து போன்.

"ஏம்பா, உலு திராம் ஆளு ஒரு வாரமா வரவே இல்லையே. என்னாச்சு?"

"அவர் ஆஸ்பத்திரியில இருக்கார் சார். குடல்ல கட்டி."

"ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "அங்க வெயிட்டிங் ஹால்ல நிறைய பேர் சும்மா உக்காந்திருப்பாங்களே. சிவப்பு கார்டு கொடுத்து பாரேன்" என்றார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அறுவை டாக்டர் தலை நரைத்த சீனர். குடலைத் தாண்டிப் பரவியதாகத் தெரியவில்லை, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். தேதியும் சொன்னார். அது பால்குடத்து நாள்.

கணேசன் அண்ணன் மனைவியின் மஞ்சள் சேலையைப் பார்த்தார். கழுத்து மாலையைப் பார்த்தார். டாக்டர் பக்கம் திரும்பி, "திருவிழா முடிஞ்ச கையோட வச்சுக்கலாமா டாக்டர்? ஒரு வாரந்தான்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. "ஆத்தா அடுத்த வருசமும் கோயில்லதான் இருப்பா. நீங்க இருக்கணும்ல?"

பிறகு டாக்டரைப் பார்த்து, அந்தத் தேதியையே போடச் சொன்னார்.